கிணற்றடிப் பக்கத்து மதில்

ஞானேந்திரன் அண்ணைக்கு நின்றபடியே தூங்கத் தெரியும். செயின்ட்-மிஷேலில் மெத்ரோ ஏறிக் கம்பியைப் பிடித்தாரென்றால் கண் மூடிவிடும். கோட்-டெ-நெய்ஜ் வந்ததும் யாரும் தட்டாமலே விழித்து இறங்குவார். முப்பது வருடத்துக்கு மேலாக விடிய நாலரைக்கு எழும்புகிற உடம்பு அது. பக்கத்தில் நின்றால் எனக்கும் கொட்டாவி வரும்.

அறுபத்துநான்கு வயது. செயின்ட்-மிஷேலில் ஓர் அரசாங்க ஆரம்பப் பள்ளியில் கொன்சியேர்ஜ் வேலை. கூட்டுவது, கழுவுவது, கொதிகலனைப் பார்ப்பது, பனியை வழித்து உப்புப் போடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் எல்லோருக்கும் முதல் வந்து கதவைத் திறக்கவேண்டும். பின்னேரம் எல்லோரும் போனபின் பூட்டவேண்டும். நடுவில் சில மணித்தியாலம் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். படுத்தால் தூக்கம் வராது. தூக்கம் அவருக்கு மெத்ரோவில்தான். இடுப்பில் ஒரு திறப்புக் கோர்வை, பள்ளியின் சாவி முழுதும், தொங்கும். அவர் வருவது ஆளைக் காண முன்னமே காதில் விழும்.

நான் பாலாம்பிகை. அவருடைய ஊர்தான், பள்ளிக்கூடத்தில் அவருக்கு நாலு வகுப்புக் கீழே. கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் வயது போனவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறேன், குளிக்க வார்க்கிறேன். என் முதுகைப் பற்றிக் கேட்காதீர்கள்.

எங்கள் இருவரையும் கட்டிப்போட்டிருப்பது ஒரு சங்கம். நாவலடிவெளி அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், மொன்ட்ரியால் கிளை. பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஸ்டேஷன் போய்விடும். மொன்ட்ரியால்-நோரில் மூலைக்கடை வைத்திருக்கும் இரவிச்சந்திரன் தலைவர். மைக் கையில் கிடைத்தால் கழற்றி எடுக்க ஆள் வேண்டும். ஞானண்ணை இருபத்திரண்டு வருடமாகச் செயலாளர். வேறு யாரும் கேட்காததால். எனக்குக் கிடைத்த பதவி வடை. கூட்டக் குறிப்பு எழுதுவதும் வடையோடு சேர்ந்த வேலை.

உண்மையைச் சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தின்மேல் எனக்கு உருக்கம் ஒன்றும் கிடையாது. இரண்டு நீளக் கட்டடம், ஒரு வேம்பு, ஒரு கிணறு. கணக்கு வாத்தியாரின் பிரம்பை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை சுடும். அங்கே படித்துப் பெரிய ஆள் ஆனவர் என்று ஒருவரையும் காட்டமுடியாது. ஆனால் ஊருக்கு அதை விட்டால் வேறு பொது இடம் இல்லை. மாதம் ஒருமுறை குழந்தைகளைத் தராசில் போட்டு நிறுப்பது அங்கேதான். வாக்குப் போடுவது, வெள்ளம் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவது, செத்தவீட்டுக்கு வாங்கு இரவல் எடுப்பது எல்லாம் அங்கேதான். ஊரில் மற்றக் கிணறுகள் உவர். பள்ளிக்கூடத்துக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். கோயிலில் வாசலோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பவேண்டிய சனங்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கிணற்றில் மட்டும் எல்லோரும் அள்ளினோம். அரசாங்கக் கிணறு, யாரும் யாரையும் மறிக்க முடியாது.

மறித்தது நாங்கள்தான், மொன்ட்ரியாலில் இருந்துகொண்டு.

சண்டை முடிந்து சனம் திரும்பிப் போய்க் குடியேறி இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஊரிலிருந்து யாரோ ஒரு படம் அனுப்பினார்கள். மூன்றாம் வகுப்புக்குள் ஒரு ஆடு, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கூட்டத்தில் எல்லோரும் கொதித்துப் போனோம். போதாததற்கு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு அவர்களுடைய ரொறன்ரோக்காரர் மதில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கட்டி நாங்கள் கட்டாமல் இருந்தால் ஊர் மானம் என்னாவது?

மதில் கட்ட ஒரு முறை கண்டுபிடித்தவர் இரவிச்சந்திரன். பத்தடிக்கு ஒரு துண்டு. துண்டுக்கு ஒரு குடும்பம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கறுப்புக் கல், அதில் அந்தக் குடும்பத்தில் காலமானவரின் பெயர். வாசல் பக்கத்துத் துண்டுக்கு அடிபிடி. அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு தகப்பனுக்கு இரண்டு கல் வேண்டும் என்று நின்று, இன்றைக்கும் கதைப்பதில்லை. செத்தவர்களைச் சுற்றி நிறுத்தி உயிரோடு இருக்கிற ஊருக்கு வேலி போட்டோம் என்று அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை. என் தாயின் பெயரும் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஞானண்ணையின் மனைவி சற்குணவதி அதற்கு முதல் வருடம்தான் போயிருந்தார். மார்பில் வந்த நோய், எட்டு மாதம். இங்கேயே எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தாயிற்று. அவர் பெயர் எழுதிய இடம் என்று உலகத்தில் எங்கும் இல்லை. செயலாளர் என்ற உரிமையில் ஞானண்ணை ஒரேயொரு சலுகை கேட்டார். கிணற்றடிப் பக்கத்துத் துண்டு தனக்கு வேண்டும்.

“தண்ணிக்கு வாற எல்லாரும் பேரைப் பாப்பினம்” என்றார்.

கிணற்றடிப் பக்கத்தால்தான் ஊருக்குள்ளிருந்து ஒற்றையடிப் பாதை வந்தது. மதில் வந்ததும் பாதை மதிலில் முட்டி நின்றுவிட்டது. முன்வாசல் மறுபுறம், பெரிய தெருவில். அதற்கு இரும்புக் கதவு, பூட்டு, மேலே சங்கத்தின் பெயர் பொறித்த வளைவு. திறப்பு பள்ளிக்கூடத்து அதிபரிடம், அவர் பட்டணத்திலிருந்து வருகிறவர். இரண்டு மணிக்குப் பள்ளி விட்டால் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். ஆடு வரவில்லை. ஆளும் வரவில்லை.

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு வளைவின் படம் மட்டும் வந்தது. அதைப் பெரிதாக்கி, இரவிச்சந்திரன் தன் கடைச் சுவரில் மாட்டினார்.

பத்து வருடத்தில் எண்பத்துநாலு பிள்ளைகள் பதினொன்றாகிவிட்டார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. போன புரட்டாதியில் ஒரு நாள் விடிய, ஞானண்ணை கொதிகலன் அறையில் நிற்கும்போது ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. யோசெப்பின் ரீச்சர்; மன்னார்ப் பக்கத்துப் பெண், அந்த வருடம்தான் பதில் அதிபராக வந்தவர். தை மாதம் முதலாம் வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது சேராவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, மிச்சப் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி வலயக் கல்வி அலுவலகம் எழுதிவிட்டதாம்.

அன்றைக்குப் பின்னேரம் நான் வேலை முடிந்து அவருடைய பள்ளிக்குப் போனேன். சங்கத்துப் பாத்திரங்கள் அங்கே பின்னறையில்தான் வைத்திருக்கிறோம். வருகிற கூட்டத்துக்கு வடைச் சட்டி வேண்டும். பக்கவாசலில் ஒரு செங்கல்லை அடை கொடுத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார். விளையாட்டு மண்டபத்தில் பொடியன்கள் பந்து அடித்துக் கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு அறையில் ஹெயிட்டிப் பெண்கள் பாட்டுப் பழகினார்கள். நடைபாதையில் ஒரு அல்ஜீரியத் தாய் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மூத்தவனுக்காகக் காத்திருந்தாள். ஞானண்ணை ஒரு குட்டிக் கதிரையில், ஏழு வயதுப் பிள்ளை இருக்கிற கதிரையில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்.

“ஏன் பிள்ளையள் வரேல்லை எண்டு ரீச்சரிட்டக் கேட்டன்” என்றார். “கோவிக்கக் கூடாது எண்டு சொல்லிப்போட்டுத்தான் சொன்னா. வீடு வீடாப் போய்க் கேட்டவவாம். ஒரு தாய் சொன்னாவாம், அது வெளிநாட்டாக்களின்ர பள்ளிக்கூடம், எங்களைத் தண்ணி அள்ள விடாத இடத்தில எங்கட பிள்ளைக்கு என்ன வேலை எண்டு.”

எனக்கு உடனே கோபம்தான் வந்தது. “நாங்கள் இஞ்ச முதுகு முறிஞ்சு கட்டிக் குடுத்ததுக்கு நல்ல நன்றி!”

“ஆர் கேட்டது?” என்றார்.

யாரும் கேட்கவில்லை. ஆடுகூடக் கேட்கவில்லை.

“முந்தி தாய்மார் தண்ணிக்கு வரேக்க இடுப்பில பிள்ளை இருக்கும்” என்றார். “பிள்ளை இறங்கி விறாந்தையில ஓடித் திரியும். ஐஞ்சு வயசில பள்ளிக்கூடம் போ எண்டால் அதுக்கு அது பழகின இடம். இப்ப அந்தப் பிள்ளைக்கு அது ஒரு மதில். மதிலுக்குள்ள போக ஆருக்கு விருப்பம்? அதுகும் வீட்டு வாசலில பட்டணத்துப் பள்ளிக்கூடத்து வான் வந்து கோன் அடிக்கேக்க.”

மண்டபத்திலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது. குனிய முடியாமல் காலால் திருப்பித் தள்ளிவிட்டார்.

“இஞ்ச நான் ஒரு நாள் கதவு திறக்கப் பத்து நிமிசம் பிந்தினால் என்னோட சண்டைக்கு வருகினம், பாலா. அந்தப் பாட்டுக்காரப் பொம்பிளை கையை நீட்டி நீட்டிப் பேசுவா. அங்க பத்து வருசமாப் பூட்டிக் கிடக்கு. ஒருத்தரும் சண்டைக்கு வரேல்லை. அப்பவே எனக்கு விளங்கியிருக்க வேணும். நான் செய்யிற தொழிலே இதுதானே.”

அவர் அழவில்லை. அழுகிறதுக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். நான் வடைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிணற்றடிப் பக்கம் பத்தடி மதிலை உடைத்துப் பாதையைத் திறந்துவிட்டால் தாய்மாருடன் கதைத்துப் பார்க்கலாம் என்று யோசெப்பின் ரீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் மதில் சங்கத்தின் அன்பளிப்பு. சங்கம் கடிதம் தராமல் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. எந்தப் பக்கம், எவருடைய துண்டு என்று கடிதத்தில் இருக்கவேண்டும்.

கூட்டம் ஐப்பசியில், கோட்-டெ-நெய்ஜில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில். நாற்பது பேர் வந்தார்கள். இரண்டு பேரைத் தவிர எல்லோர் தலையும் நரை. அந்த இரண்டும் மை. ஞானண்ணையின் மகள் தனுஷா காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே மழை என்பதால் பின்வரிசையில் குந்தினாள். அவளுக்குப் பிரெஞ்சு வாயில் முந்தும்; தமிழ் யோசித்துத்தான் வரும்.

ஞானண்ணை எழுந்து பள்ளி மூடப்படப் போவதைச் சொன்னார். எல்லோரும் ‘ச்சு’ கொட்டினார்கள். காரணத்தைச் சொன்னார். ‘ச்சு’ நின்றது. மதிலில் ஒரு பக்கம் உடைக்கவேண்டும் என்றார். அவ்வளவுதான், மண்டபம் மீன்சந்தையாகிவிட்டது.

“உடைக்கிறதோ? எங்கட அப்பாவின்ர கல்லில ஆரும் கை வைச்சுப் பாருங்கோ!”

“உவையளுக்கு வான் பகட்டுக் கூடிப்போச்சு. மதிலில பிழை சொல்லுகினம்.”

“வேணுமெண்டால் ஆக்கள் முன்வாசலால வரட்டுமன்.”

“முன்வாசலால சுத்தி வர ஒரு மைல், தங்கராசா அண்ணை” என்று நான் சொன்னேன். “குடத்தோட நீங்கள் நடப்பியளோ?” கூட்டக் குறிப்பு எழுதுகிறவள் கதைக்கக் கூடாது என்று சொன்னார்கள். குறிப்பில் அதையும் எழுதி வைத்தேன்.

இரவிச்சந்திரன் மைக்கை எடுத்தார். பாதுகாப்பு என்றார், பாரம்பரியம் என்றார், உப குழு அமைத்து ஆராயலாம் என்றார். பள்ளி மூட இன்னும் மூன்று மாதம். எங்கள் உப குழுக்கள் கூடவே ஆறு மாதம் எடுக்கும். வேலியே பயிரை மேய்ந்துவிட்டது, இவர்கள் வேலிக்குப் பொன்னாடை போர்த்திக் கொண்டிருந்தார்கள். எனக்குப் பேனையை எறிந்துவிட்டுப் போகலாம் போல இருந்தது.

ஞானண்ணை மைக் இல்லாமலே சொன்னார்.

“ஒருத்தற்ற கல்லும் உடைக்க வேண்டாம். பாதை வந்து முட்டுற இடம் கிணத்தடிப் பக்கம். அது என்ர மனிசின்ர கல்லு. அதை உடையுங்கோ.”

பின்வரிசையில் கதிரை இழுபட்டது. தனுஷா எழுந்து நின்றாள்.

“அப்பா, நோன்” என்று பிரெஞ்சில் மறுத்தாள். பிறகு தமிழைத் தேடி எடுத்தாள். “அம்மான்ர பேர் வேற எங்கயும் இல்லை. சாம்பலையும் ஆத்தில விட்டிட்டம். நான் ஒரு நாள் போய்ப் பாப்பன் எண்டு நினைச்சனான். அதை ஏன் நீங்கள் குடுக்கிறீங்கள்? இவ்வளவு பேர் இருக்கினம்தானே.”

இவ்வளவு பேரும் நிலத்தைப் பார்த்தோம். என் தாயின் கல் மேற்குப் பக்கம். அங்கே பாதை இல்லை. அதற்காக நான் உள்ளுக்குள் சந்தோசப்பட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஞானண்ணை மகளைப் பார்த்துத்தான் கதைத்தார்.

“நான்தான் பிள்ளை அந்த இடத்தைக் கேட்டு வாங்கினனான். தண்ணிக்கு வாற சனம் அம்மான்ர பேரைப் பாக்கட்டும் எண்டு. இப்ப தண்ணிக்கு ஒருத்தரும் வாறேல்லை. அம்மாவைக் கொண்டு போய்ப் பாதையை மறிக்க வைச்சிருக்கிறன். அவ ஆரையும் மறிச்ச மனிசியே?”

தனுஷா வெளியே போய்க் காருக்குள் இருந்தாள். வாக்கெடுப்பு நடந்தது. தன் மனைவியின் கல்லைத் தானே கொடுக்கிறவரை எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் முகம் இல்லை. வடை நாற்பதில் முப்பது மிஞ்சியது. கடிதத்தை அன்றைக்கே நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார்.

கார்த்திகையில் மழைக்கு நடுவில் மதிலை உடைத்தார்கள். அதன்பிறகு எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை. ஊரில் வெள்ளம், தொலைபேசி இல்லை, இங்கே பனி. ஞானண்ணை மூன்று கிழமை மகளோடு கதைக்கவில்லை. அல்லது மகள் அவரோடு கதைக்கவில்லை. கேட்டால், “அவளுக்கு வேலை கூட” என்பார். மெத்ரோவில் கண் மூடுவதையும் விட்டுவிட்டார். விழித்துக்கொண்டே களைத்துப் போயிருக்கிற மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தை பிறந்து இரண்டாம் கிழமை, மைனஸ் இருபத்தாறு. மூக்குக்குள் உறைகிற குளிர். யோசெப்பின் ரீச்சர் என் தொலைபேசிக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஞானண்ணையின் தொலைபேசி அவரைவிடக் கிழடு, படம் ஏறாது. வேலை முடிந்து நேரே அவருடைய பள்ளிக்குப் போனேன். கொதிகலன் அறையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலைச் சூடுகாட்டிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் தனுஷா, அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி தொலைபேசியை நோண்டிக் கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் கதைத்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் ஒரே வாங்கில்தான் இருந்தார்கள்.

முதலில் ரீச்சரின் குரல். முதலாம் வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள். மூடுவதை ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். ஒரு வருடம்தான், ஐயா, அடுத்த தைக்கும் பிள்ளை வேண்டும் என்று ரீச்சரே சொன்னார். அவருடைய குரலும் களைத்துத்தான் இருந்தது. புது வெள்ளைச் சட்டையில் இரண்டு உருப்படி. ஒன்று விரல் சூப்புகிறது, மற்றது அழுகிறது.

“ரெண்டு” என்றார் ஞானண்ணை. சந்தோசமா, சலிப்பா என்று சொல்லமுடியாத குரல். “ரெண்டும் ஒரு வருசமும்.”

பிறகு படம் திரும்பிக் கிணற்றடிக்குப் போனது. மதிலில் பத்தடி இல்லை. அந்த வழியால் வெளியே ஒழுங்கையும், ஒருவர் வீட்டு வாழையும், சைக்கிள் ஒன்றும் தெரிந்தன. கிணற்றுக் கட்டோடு, பெண்கள் குடம் வைக்கிற இடத்தில், கறுப்புக் கல்லைப் பதித்திருந்தார்கள். எழுத்து மேலே பார்த்தபடி. அதன்மேல் ஒரு பிளாஸ்ரிக் குடம். குடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் வெறுங்கால், சற்குணவதி என்ற பெயரின் நடுவில்.

தனுஷா பார்ப்பதற்குள் தொலைபேசியைத் திருப்பப் பார்த்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

“ஆர் உதை அங்க போட்டது?” என்று நான் கத்தினேன். “பேரில எல்லோ கால் வைக்கினம்! மனிசருக்கு அறிவில்லையே? இப்பவே எடுத்துச் சொல்லுறன்.”

ஞானண்ணை என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். இன்னொருமுறை ஓடவிடச் சொன்னார். தனுஷாதான் விரலால் தட்டி ஓடவிட்டாள். மூன்றாம்முறை அந்தக் கல் வந்த இடத்தில் அவளே நிறுத்தினாள். மேலே கதவடியில் பாட்டுக்காரப் பெண் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். சாப்பாட்டு அறை திறக்க நேரமாகிவிட்டது. அவர் அசையவில்லை.

“கல்லு ஈரமாக் கிடக்கு, பிள்ளை” என்றார் மகளிடம். “தண்ணி அள்ளியிருக்கினம்.”